எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கத்து இங்கிலீஷ்

அந்த மனிதர் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தபோது நான் குதித்துக்கொண்டிருந்தேன். சும்மா அல்ல, வேலையாகத்தான். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து "ஜம்ப்" என்று கத்த வேண்டும், நான் குதிக்க வேண்டும். "ஸ்டாப்" என்று கத்தினால் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் வார்த்தை மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள அவர்கள் அவசரப்படவில்லை. கழுத்தில் டை, காலில் பாலீஷ் போட்ட சூ, மூச்சு வாங்கும் இருபத்து நான்கு வயது வாத்தியார். வாசலில் கைலியை மடித்துக் கட்டி, மழைக்குத் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றவர் சிரிக்கவில்லை. நான் நிற்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, தேவைக்கு மேலான சத்தத்தில் சொன்னார்.

"ஏனுங்க சார், எம் புள்ளய நிறுத்திப்போடலாம்னு வந்தனுங்க."

இரண்டாம் வகுப்பு முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தையின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. அதுவரை "ஜம்ப்" என்று எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தி என் முழங்காலை உடைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலை பார்ப்பவர். வருஷத்தில் பெரும் பகுதி மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று வடக்கே கிடப்பார். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போதுதான் கொல்லிமலைக்கு வருவார். கம்ப்ரசர் சத்தத்திலேயே இருந்து காது பாதி போய்விட்டது. அதனால் குசலம் விசாரித்தாலும் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். அன்றைக்கு அவர் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. சண்டை என்றால் நான் ஏதாவது கேலி பேசிச் சமாளித்திருப்பேன்.

அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில், அவருடைய தங்கை இருந்தாள். கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டுக் கட்டினவன் எங்கேயோ போய்விட்டான். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனால்தான் அடுப்பு எரியும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஏழு வயதுப் பெண் அதற்குப் போதும் என்று சொந்தக்காரர்கள் பேசி முடித்திருந்தார்கள்.

"நல்லாப் படிக்கிற புள்ளதாங்க, அண்ணா" என்றேன்.

"படிக்குதுன்னு நீங்க சொல்றீங்க. நா வந்து இத்தன நாளாச்சு, ஊட்டுல ஒரு வார்த்தை இங்கிலீஷு பேசலீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு சாமின்னு கெஞ்சிப் பாத்தேன். அதட்டியும் பாத்தேன். பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்குது."

"இங்க நல்லாப் பேசுமுங்க."

"இங்க பேசறத நா எங்கீங்க கேக்கறது?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. நீங்க இருக்கறப்ப பேசட்டும். பேசுனா இருக்கட்டும். பேசலைன்னா திங்கக்கெழம நா கூட்டிட்டுப் போயிடறனுங்க. எந் தங்கச்சிக்கு ஆருங்க இருக்கா?"

அந்தத் தங்கைக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது.

என் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது ஒரு மிளகுக் கிடங்கு. சேந்தமங்கலத்தில் கடை வைத்திருந்த ஒரு பாய் மலையில் மிளகும் காபிக்கொட்டையும் பலாப்பழமும் கொள்முதல் செய்வார். கிடங்கில் பாதி வருஷம் இடம் சும்மா கிடக்கிறதே என்று அவருக்கு ஒரு நாள் தோன்றியிருக்கிறது. நானோ இங்கிலீஷ் இலக்கியப் பட்டப்படிப்பில் சில பாடங்களைப் பாக்கி வைத்துவிட்டு, அதே தெருவில் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. இங்கிலீஷ் மீடியம் என்று பலகை மாட்டினால் மாட்டுக்கொட்டகைக்குக்கூட அட்மிஷன் கேட்டு வருவார்கள். "தம்பி, உங்களுக்கு இங்கிலீசு வருமில்ல?" என்று பாய் கேட்டார். "படிச்சிருக்கேன் பாய்" என்றேன். வருமா என்பதற்கு அது பதில் அல்ல என்பதை அவர் கவனிக்கவில்லை. அதுவரை நான் எந்த மனிதரிடமும் இங்கிலீஷில் பேசியதில்லை. எழுதியிருக்கிறேன். அதைத் திருத்தியவர்கள் என்னை ஃபெயில் ஆக்கியிருக்கிறார்கள்.

பாய் நல்ல மனிதர். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்றால் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். சாருக்கு டை. பிள்ளைகளுக்குக் கறுப்பு சூ. ஷட்டருக்கு உள்ளே தமிழ் கூடாது. "தமிழு அதுக ஊட்லயே இருக்குது தம்பி. அதுக்கு எதுக்கு நாம ஒரு ஸ்கூலு வெக்கணும்?" என்பார். சூக்களை அவரே மொத்தமாக வாங்கி மூட்டையில் கட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்.

தமிழில்லாமல் நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்? "அண்டர்" என்பதை விளக்க மேஜைக்கு அடியில் புகுந்தேன். "ஸ்லீப்" என்பதை விளக்கப் படுத்தேன், அன்று குளிர் வேறு, தூங்கியும் போனேன். நடித்துக் காட்ட முடியாதவை இருந்தன. "டுமாரோ" என்பதை எப்படி நடிப்பது? அப்படிப்பட்ட சமயங்களில் பிள்ளைகள் எல்லோரையும் ஷட்டருக்கு வெளியே பலா மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போவேன். தமிழில் சொல்லுவேன். புரிந்ததா என்று கேட்டுவிட்டு மறுபடி உள்ளே ஓட்டிக்கொண்டு வந்து இங்கிலீஷைத் தொடருவேன். ஒரு நாளைக்குப் பல தடவை இந்த ஊர்வலம் நடக்கும். ரோட்டில் போகிறவர்கள், வாத்தியாருக்கு வயிறு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மேகம் மட்டும் தரையோடு போய்க்கொண்டிருந்தது. வழக்கமாகச் சனிக்கிழமை பஸ்ஸில் கீழே இறங்கி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அந்த வாரம் போகவில்லை. கிடங்கை ஒட்டிய அறையிலேயே படுத்துக் கிடந்து, அந்தக் குழந்தையிடம் என்னென்ன கேட்கலாம் என்று பாடம் போட்டு வைத்துக்கொண்டேன். பரீட்சைக்கு நான் அவ்வளவு தயார் செய்திருந்தால் பாக்கிப் பாடங்களை எப்போதோ முடித்திருப்பேன்.

அவர்கள் ஊர், மரவள்ளிக் காட்டைத் தாண்டி ஒரு சரிவில் இருந்தது. ஊருக்குள் நுழையும் இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கல் நிற்கும். எல்லைக்கல். அதைத் தாண்டி யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு போவதில்லை. ஊர்ச்சாமி நடக்கிற மண் என்று சொல்வார்கள். மாப்பிள்ளை ஆனாலும் ஆபீசர் ஆனாலும் அங்கேயே கழற்றிவிட வேண்டும். இது எனக்குத் தெரியும். என் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் அந்த ஊர்தான். ஆனால் அன்றுதான் முதல் தடவையாக அங்கே போனேன்.

கல்லுக்கு வெளியே, ஒரு பலகைமேல், பாய் அனுப்பிய கறுப்பு சூக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மழை படாமல் மேலே தகரம் போட்டிருந்தார்கள். என் சூவையும் கழற்றி அவற்றின் கடைசியில் வைத்தேன். வகுப்பில் கடைசிப் பையன் மாதிரி அது நின்றது.

வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்காரச் சொன்னார்கள். குழந்தையின் அம்மா டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். மகளுடைய இரண்டு உடுப்புகள் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமைக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் பட்டது.

"கேளுங்க சார்" என்றார் அப்பா.

நான் தொண்டையைச் செருமினேன். "வாட் இஸ் யுவர் நேம்?"

குழந்தை தரையைப் பார்த்தது.

"ஹவ் ஓல்ட் ஆர் யூ?"

ஒன்றுமில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்று இங்கிலீஷ் பேசியபோது என் குரல் எனக்கே வேடிக்கையாக இருந்தது. யாரோ என் சட்டையைக் கழற்றிவிட்டுப் பேசச் சொன்ன மாதிரி. "ஜம்ப்!" என்றேன் கடைசி முயற்சியாக. வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான்.

"பாத்தீங்களா?" என்றார் அப்பா. கோபம் இல்லை அவர் குரலில். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "வடக்க ஒரு செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்துனாங்க சார். டிரைவரு டீ குடிக்கப் போயிருந்தான். நா ஒத்தையா இருந்தேன். ஆபீசரு என்னமோ கேட்டான். ஹிந்தியா, இங்கிலீஷா, அதுகூடத் தெரியலீங்க. நமக்கு ஒண்ணும் வெளங்கலைன்னா சிரிப்போமில்லீங்க? நா சிரிச்சேன். சிரிச்சதுக்கு அடிச்சான். அடிச்சதுக்கு அப்புறமும் என்னமோ கேட்டான். அப்ப சிரிக்கறதா வேண்டாமான்னு தெரியாம நின்னனுங்க. எம் புள்ள அப்பிடி நிக்கக் கூடாதுன்னுதான் உங்க பள்ளிக்கூடத்துல போட்டேன்."

கதவோரத்தில் நின்ற அம்மா இதை முதல் தடவையாகக் கேட்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

நான் குழந்தைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். தமிழில் கேட்டேன். "ஏன் கண்ணு பேச மாட்டேங்கற? பயமா?"

தலையை ஆட்டி இல்லை என்றாள். பிறகு, ஒரு பெரிய ஆளுக்குத் தெரிய வேண்டியதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னாள். "இங்க பேசக் கூடாதுங்க சார். அது அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"சூ வெக்கற எடம்."

அப்பாவுக்குக் கேட்கவில்லை. நான் திருப்பிச் சொன்னேன். "ஆரு சொன்னா உனக்கு?" என்று கத்தினார்.

"ஆரும் சொல்லல. நாங்க எல்லாருமே அப்பிடித்தாம்ப்பா. சாயங்காலம் சூவுக்குப் பைபை சொல்லிட்டு வந்துருவோம். காத்தால போயி குட்மார்னிங் சொல்லுவோம்."

ஏழெட்டுப் பிள்ளைகள் பனிக்குள் ஒரு பலகைக்கு முன்னால் வரிசையாக நின்று சூக்களுக்குக் குட்மார்னிங் சொல்லும் காட்சி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. இன்னொரு நாளாக இருந்தால் உருண்டு சிரித்திருப்பேன். பிள்ளைகளின் கணக்கில் தப்பே இல்லை. ஷட்டருக்கு உள்ளே இங்கிலீஷ், வெளியே தமிழ் என்று தினமும் அவர்களை மாடு ஓட்டுகிற மாதிரி ஓட்டினேன். பேச்சுக்கு இடம் உண்டு என்று தெரிந்துகொண்டார்கள். வெளியிலிருந்து காலில் மாட்டிக்கொண்டு வருவது கல்லுக்கு உள்ளே வரக் கூடாது என்பது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். இரண்டையும் சேர்த்துவிட்டார்கள்.

"இது சும்மா சாக்குங்க" என்றார் அப்பா. ஆனால் நிச்சயமில்லாமல் சொன்னார். ஊருக்குள் சூ போட்டுக்கொண்டு பேசு என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அப்போதுதான் அம்மா பேசினாள். "கல்லுக்கு அந்தப் பக்கந்தான போகோணும்? வாங்க, போலாம். என்ன, சீமைக்கா போறோம்?"

நால்வரும் நடந்தோம். குழந்தை முன்னால் ஓடி, கல்லைத் தாண்டி, பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து தன் சூவை எடுத்தாள். சாக்ஸ் ஈரமாக இருந்தது. அதை உதறினாள். கயிற்றை இழுத்து, முடிச்சுப் போட்டு, அது சரியில்லை என்று அவிழ்த்து, மறுபடியும் போட்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்பாவும் அம்மாவும் கல்லுக்கு உள்பக்கமே நின்றார்கள். ஏன் தாண்டவில்லை என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் பெற்றவர்கள் நிற்பது மாதிரி நின்றார்கள்.

குழந்தை எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். "குட்மார்னிங் சார்."

பெயரைக் கேட்டேன். சொன்னாள். வயதைக் கேட்டேன். சொன்னாள். என்ன நிறம், எத்தனை விரல், எது மரம், எது வானம், எல்லாம் வந்தது, தடங்கல் இல்லாமல் வந்தது. நான் ஒவ்வொன்றையும் அப்பாவுக்காகத் தமிழில் கத்திக்கொண்டே இருந்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த நிம்மதியில் நான் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன். "வாட் இஸ் யுவர் ஃபாதர்?"

இதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தேன். "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்." மலையில் எல்லா அப்பாவும் விவசாயி என்று வைத்துக்கொண்டு, மொத்த வகுப்புக்கும் ஒரே அப்பாவைக் கொடுத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுக்க எனக்குச் சோம்பல். ரிக் லாரிக்கு இங்கிலீஷில் என்ன என்றும் தெரியாது.

குழந்தை வாயைத் திறந்து, மூடினாள். கல்லுக்கு உள்ளே நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவர் கையில் மண் இல்லை, வெட்டுக் காயங்களும் கிரீஸ் கறையுமே இருந்தன. விவசாயி என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை போலும்.

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, வராத பிள்ளைக்காக மற்ற எல்லோரும் சேர்ந்து கத்தும் ஒரு வார்த்தை உண்டு. மிளகு பறிக்கும் காலத்திலும் அடைமழையிலும் அது ஓயாமல் கேட்கும். நான் கற்றுக் கொடுக்காமலே அவர்கள் கற்றுக்கொண்ட வார்த்தை அது.

"மை ஃபாதர் இஸ் ஆப்சென்ட் சார்" என்றாள்.

இதை நான் தமிழில் கத்தவில்லை.

"என்னங்க சொல்லுது?" என்று அப்பா கேட்டார். "சார், என்ன சொல்லுது?"

அந்த இடத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அந்தக் குழந்தையும். எங்கப்பா நல்லவர் என்று சொல்கிறாள், அப்பாவை ரொம்பப் பிடிக்கும் என்கிறாள், எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. அந்த மாதிரி விஷயங்களில் எனக்குத் திறமை அதிகம். ஆனால் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழும் தெரியும்.

"அப்பா வரலைன்னு சொல்லுதுங்க, அண்ணா. எங்கப்பா இங்க இல்லீங்கன்னு."

சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சரிவில் எங்கோ மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் கொஞ்ச நேரம் தகரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?"

"இல்லீங்க. நான் விவசாயின்னுதான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப அதுவாச் சொல்லுச்சுங்களா?"

"அதுவாத்தாங்க."

"சரியாத்தாஞ் சொல்லுது" என்றார். அவர் குரல் முதல் தடவையாக மற்றவர்கள் குரல் அளவுக்கு இறங்கியிருந்தது. "நெனச்சதச் சொல்ல வந்துருச்சு பாருங்க."

அவர் கல்லைத் தாண்டி வந்து மகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். சூவின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். ஆயுசில் கயிறு கட்டிய சூவைத் தொட்டிருக்க மாட்டார். முடிச்சு இன்னும் இறுகியது. "ஐய, அப்பிடி இல்லப்பா" என்று குழந்தை அவர் கையைத் தள்ளிவிட்டு அவிழ்த்தாள்.

எழுந்தபோது மனைவியிடம் சொன்னார். "தங்கச்சிகிட்ட நா சொல்லிக்கறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க? அவ கொழந்தயத் தூக்கிட்டு சாரத்துல ஏறுவாளா?" என்றாள் அம்மா. பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "கொழந்தயக் கொண்டாந்து இங்க உடச் சொல்லுங்க. நா பாத்துக்கறேன்."

"நீ காட்டு வேலைக்குப் போகோணுமே?"

"போகாம இருக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. சூவை மாட்டிக்கொண்டு, மரவள்ளிக் காடு தாண்டும்வரை யாரும் மனம் மாறிக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று வேகமாக நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை குழந்தை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அந்த வாரமே அடிவாரத்திலிருந்து அத்தையின் குழந்தை பஸ்ஸில் மலை ஏறியது. ஆடித் திருவிழா முடிவதற்குள் ரிக் வண்டி கிளம்புவதாகத் தகவல் வந்து, அப்பா வடக்கே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த அம்மாவை அடிக்கடி பார்த்தேன். கூலி வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். முன்பு காது ஓரத்தில் மின்னிக்கொண்டிருந்த சின்னத் தோடு இல்லை. ஈர்க்குச்சி சொருகியிருந்தாள். இடுப்பில் நாத்தனாரின் அந்தப் பையன், மூக்கு ஒழுகிக்கொண்டு, கனத்துக்கொண்டே வந்தான். சாயங்காலம் மகளை அழைத்துப் போக எல்லைக்கல்லுக்கு வெளியே வந்து நிற்பாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளோடு நானும் அதுவரை நடந்து போவேன். மகள் சூவைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். இங்கிலீஷ் அங்கேயே நின்றுவிடும். வீட்டில் அதைக் கேட்க அந்த அம்மாவுக்கு வழியே இல்லை. அதனால் என்னைக் கேட்பாள்.

"ஏனுங்க சார், இன்னிக்கு என்னங்க சொல்லுச்சு?"

அன்றன்றைக்கு அவள் மகள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொல்லுவேன். யானை பெரிசுன்னு சொல்லிச்சுங்க. என் பென்சிலைக் காணோம்னு சொல்லிச்சுங்க. நாளைக்கு மழை பெய்யும்னு சொல்லிச்சுங்க. அவள் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பெய்யும் என்று மகள் சொன்ன மறுநாள், வெயில் அடித்துக்கொண்டிருந்தும், விறகை எடுத்து உள்ளே போட்டிருந்தாள்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். குதிக்கவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டுச் சாக்குமூட்டையில் சாய்ந்துவிட்டேன். சாயங்காலம் கல்லுக்குப் பக்கத்தில் அவள் வழக்கம்போலக் கேட்டாள். இட்டுக்கட்டிச் சொல்லத் தெம்பில்லை.

"இன்னிக்குப் பெரிசா ஒண்ணும் இல்லீங்க. தண்ணி குடிக்கலாமான்னு கேட்டுச்சு. அவ்வளவுதான்."

அவள் பையனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"குடுத்தீங்களா?" என்றாள்.